கடைசி பஸ் நிற்கும் இடம்

சாவியை மேசைமேல் போட்ட சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக அவள் புருஷன் அதை ஆணியில் மாட்டுவார். மாட்டும்போதே ஏதாவது ஒரு பாட்டைக் கொலை செய்வார். இன்று ஆணியும் இல்லை, பாட்டும் இல்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வண்டி எடுக்கலையா?"

"எடுத்தா ஓடணுமே. எவனோ டீசலை உறிஞ்சிட்டுப் போயிட்டான். டாங்க்ல ஒரு சொட்டு இல்லை."

தையல் மெஷின் நின்றது.

"ஆபீசுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடுன்னுட்டாரு மேனேஜர். டீசலைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு வண்டின்னு கேக்குறாரு. அவர் கேக்குறதும் நியாயம்தானே?"

யார் எதைச் சொன்னாலும் "நியாயம்தானே" என்று தலையாட்டும் மனுஷன். கல்யாணமான புதிதில் அது அவளுக்கு நல்ல குணமாகத் தெரிந்தது. போகப் போகத்தான் அந்தக் குணத்தின் விலையைத் தானே கட்ட வேண்டியிருப்பது புரிந்தது.

அவர் ஓட்டியது அமரர் ஊர்தி. தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கடைசி பஸ்'. அவருக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது. டிக்கெட் கேட்காத ஒரே பஸ் தன்னுடையதுதான் என்று பெருமையடித்துக்கொள்வார். ஆனால் அந்த பஸ் அவர் வீட்டு வாசலுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வாடகைக்குக் குடிவந்த அன்றே மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் இறங்கி வந்தார். தெருச் சங்கத்துக்கும் அவரே தலைவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'தலைவர்'தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வண்டி தெருமுனையைத் தாண்டி உள்ள வரக் கூடாதும்மா. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க பாரு, அதுக்குத்தான்."

அந்த நாலு பேரை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. பேசியதெல்லாம் தலைவர் ஒருவர்தான். அன்றிலிருந்து வண்டி தெருமுனையில், சந்தைக் குப்பை கொட்டும் சுவருக்குப் பின்னால் நின்றது. தெருவுக்கும் அவளுக்கும் சண்டை சச்சரவு கிடையாது. தலையணை உறை, திரைச்சீலை, பிள்ளைகளின் சீருடை எல்லாம் அவளிடம்தான் தைக்க வரும். கல்யாணத் துணி மட்டும் வராது. அதற்கு மூன்று தெரு தள்ளி வேறொரு தையல்காரி இருந்தாள்; அவள் கை வைத்தால் அளவு ஒரு பக்கம் இழுக்கும், ஆனாலும் புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவன்.

எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த பிறகு ஊர் தலைகீழாகியிருந்தது. பெட்ரோல் பங்கில் இரண்டு வரிசை. ஒன்று ஊருக்கெல்லாம், அதில் காலையில் நின்றவன் மாலையில் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவான். இன்னொன்று முன்னுரிமை வரிசை: ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, மருத்துவர்கள், பால் வண்டி, கடைசியில் கடைசி பஸ். "எனக்கு எதுக்குத் தனியா முன்னுரிமை? நம்ம வண்டியைப் பாத்தாலே எவனா இருந்தாலும் ஒதுங்கி வழி விட்டுடுறான்" என்று புருஷன் சிரிப்பார். அப்படிச் சிரித்து வாங்கி வந்த டீசல்தான் குப்பைச் சுவருக்குப் பின்னால் களவு போனது.

"வண்டியை நம்ம வாசலுக்குக் கொண்டு வந்துடுங்க" என்றாள் தையல்காரி. "ஜன்னல் பக்கத்துலதான் நாள் பூரா உக்காந்திருக்கேன். எவன் குழாயோட வரான்னு பாக்கறேன்."

"தலைவர்?"

"அவரை நான் பாத்துக்கறேன்."

மாடியில் தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். யார் யாருக்கு முன்னுரிமை வேண்டும், யாருக்குக் கூடாது என்பது குறித்துச் சங்கத்தின் சார்பில் மேலிடத்துக்குப் போகும் மனு. அவள் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பேனாவை மூடினார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். ஆசிரியருக்கு முன்னுரிமை இல்லை, எனக்கு இல்லை. செத்தவனுக்கு என்னம்மா அவசரம்? அவன் என்ன ஆபீசுக்கா போகணும்?"

"செத்தவங்களுக்கு ஒரு அவசரமும் இல்லைங்க ஐயா. அவங்களைக் கூடத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குத்தான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பேச்சில் தோற்றுப்போனால் அவர் உடனே சட்டத்துக்குப் போய்விடுவார்.

"அதெல்லாம் இருக்கட்டும். வண்டி தெருவுக்குள்ள வந்தா நீங்க வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். நாளைக்கு என் பொண்ணைப் பாத்துட்டுப் போன சம்பந்தி வீட்டுக்காரங்க கல்யாணம் பேசி முடிக்க வராங்க. வாசல்ல அது நின்னா எப்படி இருக்கும்? நீயே சொல்லு."

அவள் இறங்கி வந்தாள். வேறு வழியில்லாமல், மடக்கு நாற்காலியையும் பட்டன் தைக்க வேண்டிய சீருடைகளையும் எடுத்துக்கொண்டு குப்பைச் சுவருக்குப் போனாள். புருஷன் கெஞ்சிய கெஞ்சலில் மேனேஜர் ஒரு தடவை மட்டும் டாங்கை நிரப்பக் கையெழுத்துப் போட்டிருந்தார். கேனில் கொஞ்சம் வாங்கி ஊற்றி, வண்டி பங்குக்குப் போய் வந்து நின்றதும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டாள். சந்தைக்குப் போகிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்றம் மட்டும் சிரிக்கிற மாதிரி இல்லை.

ராத்திரி புருஷன் வண்டியிலேயே படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. சாயங்காலம் இருவரும் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது பின்வாசல் கதவு தட்டப்பட்டது. தலைவர். முன்வாசல் பக்கமாக மாடிக்குப் போகிறவர், இன்று தோட்டத்துச் செடிகளை விலக்கிக்கொண்டு பின்பக்கமாக வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இருந்தது காய்கறி இல்லை என்பது அதன் சதுர மூலைகளிலேயே தெரிந்தது.

"தம்பி, ஒரு சின்ன உதவி" என்று கிசுகிசுத்தார். "நாளைக்குச் சம்பந்தியை ரயிலடியிலேருந்து கூட்டிட்டு வரணும். என் காரும் டீசல்தான். இந்தக் கேன்ல கொஞ்சம் ஊத்திக் குடுத்தா... நமக்குள்ளயே இருக்கட்டும்."

புருஷன் மனைவியைப் பார்த்தார். 'நியாயம்தானே' என்ற சொல் அவர் தொண்டைவரை வந்து நின்றது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது வெளியே வருவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வண்டி தெருவுக்குள்ள வரக் கூடாது. அதோட டீசல் மட்டும் அடுப்படி வரைக்கும் வரலாமாங்க ஐயா?"

தலைவர் முகம் சுண்டிப்போனது. "குத்திக்காட்டாதம்மா. அவசரத்துக்குக் கேக்கறேன்."

"குத்திக்காட்டலைங்க. அது எங்க டீசலா இருந்தா கேனைக் கொண்டாங்கன்னு வாங்கி ஊத்தியிருப்பேன். எங்களுதும் இல்லை, உங்களுதும் இல்லை. நாளைக்கு யாரு வீட்டுல அழுகுரல் கேக்குமோ, அவங்களுது."

"அப்படியா? அப்ப ஒண்ணாம் தேதிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க" என்றார் தலைவர். அதையும் கிசுகிசுவென்றுதான் சொன்னார்.

அவர் போன பிறகு புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டார். "கொஞ்சம் ஊத்திக் குடுத்திருக்கலாம். வீடாவது மிஞ்சியிருக்கும். ஒரு பக்கம் வேலை ஆடுது, இன்னொரு பக்கம் வீடும் ஆடுது."

அவளுக்கும் பயம் இருந்தது. கடைசி பஸ் ஓட்டுகிறவனுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது இந்த வீட்டுக்கு அலைந்தபோதே தெரியும். ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்ததால் நன்றாகவே தூங்கினாள்.

மறுநாள் தலைவர் எங்கெங்கோ கெஞ்சிக் கொஞ்சம் டீசல் வாங்கி, காரை ஒரு வழியாக ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். போனது போய்விட்டது, திரும்பி வரும்போது, சரியாகச் சந்தைக்கு எதிரே தெருமுனையில் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. உள்ளே சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மூன்று பெட்டிகளும். வீடு இருந்தது தெருவின் மேட்டுக் கோடியில். தள்ளலாம் என்றால் தலைவருக்கு முட்டிவலி, சம்பந்திக்கு இடுப்புவலி. சந்தைக்காரர்கள் தங்களுடைய மூட்டைகளையே தலையில் சுமந்துகொண்டிருந்தார்கள்.

வண்டி திரும்பி வரும் நேரம் என்று தையல்காரி குப்பைச் சுவரருகே நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் புருஷன் வேலையை முடித்துவிட்டு, காலி வண்டியோடு, ஒரு பாட்டை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சம்பந்தி காரிலிருந்து தலையை நீட்டினார். "அட, அந்த வண்டி ஓடுதே! ஒரு கயிறு கட்டி இழுக்கச் சொல்லுங்களேன்."

"அது... அது வேற மாதிரி வண்டிங்க" என்று மென்று விழுங்கினார் தலைவர்.

சம்பந்தி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அமரர் ஊர்தி. அதனால என்ன? எஞ்சின் இருக்குல்ல?"

"நம்மளை உள்ள படுக்கச் சொல்லாம இருந்தாச் சரி" என்றார் சம்பந்தியம்மா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

தலைவர் மெதுவாகத் தையல்காரியின் பக்கம் வந்தார். மறுபடியும் அதே கிசுகிசுப்பு. "இழுத்து விட்டுடச் சொல்லும்மா."

"தெருமுனை வரைக்கும்தான் வண்டி வரலாம்னு நீங்கதான் ஐயா சொல்லியிருக்கீங்க. இதுதானே தெருமுனை? இங்கேருந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினா டீசல் வீண். வண்டி எங்க வாசல்லயே நிக்கறதா இருந்தா வீட்டுக்குப் போற வழிதான். கயிறு கட்டி இழுக்கறதுல ஒண்ணும் பெருசா ஆயிடாது."

"சரி சரி, நிக்கட்டும்."

"காதுல விழலைங்க. சத்தமாச் சொல்லுங்க."

தலைவர் சம்பந்தியைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. "வண்டி தெருவுக்குள்ள வரலாம்!" என்று கத்தினார். "உங்க வாசல்லயே நிக்கலாம்!"

சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இருக்கைக்கு அடியில் கிடந்த கயிறு வெளியே வந்தது. கடைசி பஸ் முதன்முதலாகத் தெருவுக்குள் நுழைந்தது. பின்னால் இருக்கிற காருக்கு அடிபடக் கூடாதே என்று புருஷன் ஊர்ந்து ஊர்ந்து போனார். அதுதான் வினையாகப் போயிற்று. தெருவில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: முன்னால் அமரர் ஊர்தி, பின்னால் நெருக்கமாகத் தலைவரின் கார். காய்கறிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் வாசலில் எழுந்து நின்று, "நேத்துகூட மனுல கையெழுத்து கேட்டாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரோட்டி இருக்கையில் சிலைபோல் உட்கார்ந்திருந்தவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாடியில் சம்பந்தியை எதிர்பார்த்து நின்ற தலைவரின் மனைவி எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி தெருவே அதிரும்படி, "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அலறினார்.

தலைவர் கார் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்தார். "அடியே, நான் இருக்கேன்! உயிரோடதான் இருக்கேன்! டீசல்தான் தீந்துபோச்சு!"

முதலில் சம்பந்தியம்மாதான் சிரிப்பை ஆரம்பித்தார். கார் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சம்பந்தி சிரித்தார், மளிகைக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுச் சிரித்தார், ஆசிரியர் துடைத்த கண்ணை மறுபடி துடைத்துக்கொண்டு சிரித்தார். நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்துவந்த தையல்காரி, சிரிப்பை அடக்க முடியாமல் நடுத்தெருவிலேயே அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணப் பேச்சு நல்லபடியாக முடிந்தது. வண்டி வாசலில் நின்றது. டீசல் டாங்கிலேயே இருந்தது. மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். ஒண்ணாம் தேதி வந்தது, போனது, யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. இதற்கிடையில் தெருவில் வண்டிகளிலிருந்து எண்ணெய் களவு போவது அதிகமானது. தையல்காரியின் ஜன்னலுக்கு எதிரே நிற்கும் வண்டியை மட்டும் எவனும் தொடுவதில்லை என்று தெரிந்ததும், முதலில் ஆசிரியர் தன் ஸ்கூட்டரைக் கடைசி பஸ் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு மளிகைக்கடைக்காரர். பிறகு தலைவரின் கார். "கொஞ்சம் முன்னாடி எடுத்து நிறுத்தச் சொல்லும்மா, என் வண்டிக்கும் இடம் வேணும்" என்று அவரே வந்து கேட்டார்.

தட்டுப்பாடு ஒரு வழியாகத் தீர்ந்தது. பங்கில் மறுபடியும் ஒரே வரிசை. அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், பின்வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. சம்பந்தியம்மா தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போன கல்யாணத் துணி அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே பழையபடி தெருமுனையிலயே நிறுத்திக்கலாம் இல்லையாம்மா?" தலைவரின் குரல் மறுபடியும் இறங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லை. நாலு பேர்..."

"நிறுத்திக்கலாமே" என்றாள் அவள். மெஷினை நிறுத்தி எழுந்துபோய் முன்வாசல் கதவை அகலத் திறந்தாள். வெளியே ஆசிரியர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காய்கறிக்காரர் கடைசி பஸ்ஸின் நிழலில் தள்ளுவண்டியை நிறுத்தி எடை போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "வரலாம்னு அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொன்னீங்க. வேண்டாம்னும் அதே மாதிரி இங்க நின்னு சத்தமாச் சொல்லிடுங்க ஐயா. உடனே எடுத்துடச் சொல்றேன்."

தலைவர் வாசலில் நின்றார். வாயைத் திறந்தார். ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, "என்ன தலைவரே?" என்றார்.

"ஒண்ணும் இல்லை... காத்து வாங்கலாம்னு" என்றார் தலைவர்.

தையல்காரி வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கிப் போய், வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். உள்ளே ஆணியில் சாவி மாட்டும் சத்தம் கேட்டது. கூடவே அவள் புருஷன் ஒரு பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தார்.