பாதிக் கவிதையில் நின்ற கடல்

அரியலூர் கல்லோசை இலக்கிய வட்டத்தின் ஆடி மாதக் கூட்டத்துக்குக் கடல் வந்தது. ரயில் நிலையச் சாலையில் உரக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன மண்டபத்தில், முதல் வரிசை நாற்காலிகளுக்கு அடியில் ஈரம் தட்டி, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று ஏறி நின்றது. கீழே உரக்கடையில் ஒரு மூட்டைகூட நனையவில்லை. அன்று சிமெண்டு லாரிகள் வழக்கம்போலப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின, சின்ன வெங்காயம் விலை இறங்கியிருந்தது, மாடியில் கடல் இருந்தது.

கல்லோசையை நடத்துபவர் அழகேசன், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் முறை என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து இம்மி பிசக மாட்டார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடைய பேருரை, நூல் அறிமுகம், எல்லாம் முடிந்த பிறகு ‘புதியவர் அரங்கம்’. இந்தப் பகுதியில் கவிதை எழுதும் எவரும் வந்து வாசிக்கலாம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கும். கடைசிப் பந்திக்கு ரசமும் மோரும் மிஞ்சுவதுபோல, அவர்கள் மேடை ஏறும்போது மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார், விருந்தினரை ரயிலேற்றப் பாதிக் கூட்டம் போயிருக்கும். ஆனாலும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் குன்னத்திலிருந்தும் மடித்த காகிதத்தோடு வருவதை யாரும் நிறுத்தவில்லை. கவிதை எழுதியவர்களுக்கு ரோஷம் கிடையாது, ஆசைதான் உண்டு.

அப்படி வந்துகொண்டிருந்தவள்தான் பரிமளா. பெரம்பலூர் பக்கத்துக் குரும்பலூரில் ஜாக்கெட் தைப்பவள். பெரம்பலூர் வந்து பஸ் மாறி அரியலூர் வருவாள். அவள் முறை வருவதற்குள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். வெங்காய மண்டியில் எடை போடும் அவள் புருஷன் தர்மராஜ், ஒவ்வொரு முறையும் வாசலிலேயே கேட்பான்.

“இன்னிக்காச்சும் படிச்சியா?”

“இல்லைங்க, நேரமாயிருச்சு.”

“சரி விடு, அடுத்த மாசம் போயிட்டு வா.”

ஒரு வருஷத்துக்கு மேல் இதே பேச்சு. அவள் கையில் இருந்ததும் ஒரே கவிதைதான். இறந்துபோன அம்மா சுந்தராம்பாளைப் பற்றியது. சுந்தராம்பாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூடை சுமந்தவள். அந்தக் கல்லுக்குள் நத்தைபோலச் சுருண்ட கூடுகளும் சிப்பிகளும் கிடக்கும், ஒரு காலத்தில் இந்தச் சீமையே கடலாக இருந்ததாம். சுருண்ட கல் ஒன்றை முந்தானையில் துடைத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் கேக்கலியே” என்று சிரிப்பாள். சாகும்வரை அவள் கடலைப் பார்க்கவில்லை. வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகிறேன் என்று பரிமளா ஒவ்வொரு தை மாதமும் சொன்னாள், ஒவ்வொரு தை மாதமும் கல்யாணத் துணிகள் வந்து குவிந்தன. நெஞ்சில் கட்டிய வெள்ளைத் தூசியோடு அம்மா போய்விட்டாள். அந்தக் குறை பரிமளாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. நாலு பேர் கேட்க ஒருமுறை வாசித்துவிட்டால் இறங்கிவிடும் என்று நம்பினாள்.

அந்த ஆடிக் கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் முத்தமிழ்செல்வன் வந்த ரயில் தாமதம். மேடை சும்மா இருக்கக் கூடாதே என்று அழகேசன் பரிமளாவைக் கூப்பிட்டார். “ஐயா வர்ற வரைக்கும் நீங்க படிங்கம்மா.” அவள் மேடையேறினாள். காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் உப்புக் காற்று வீசியது. ஐந்தாவது வரியில் தண்ணீர் வந்தது. நாற்காலிக் கால்களுக்கிடையே சுருண்ட கூடு சுமந்த உயிர்கள், கல்லாக மட்டுமே அந்த ஊர் பார்த்திருந்தவை, மெல்ல நீந்தின. வந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு பேசாமல் கேட்டார்கள். பின்னால் சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் ஓர் அம்மா வந்து நின்றாள். யாரோ என்று விட்டுவிட்டார்கள்.

‘புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து
ஒரு காலை எடுக்கிறாள் அம்மா’

என்று பரிமளா வாசித்தபோது வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அழகேசன் மைக்கைப் பிடித்தார். “சகோதரி, ஒரு நிமிஷம். ஐயா வந்துட்டாங்க.” விருந்தினர் படியேறினால் கவிதை நிற்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. எல்லோரும் எழுந்து தண்ணீருக்குள் நின்றார்கள். பொன்னாடையின் ஒரு நுனி கடலில் விழுந்து நனைந்தது. முத்தமிழ்செல்வன் நெய்தல் திணையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார், முழங்காலில் அலை மோதியும் ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. படித்த கடலே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பரிமளா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேடையின் பக்கப் படி வழியாக இறங்கி, அழுதபடியே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மண்டபத்து மேலாளர் தங்கராசு கதவைத் திறந்தபோது கடல் அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்கூட வாசலில், தண்ணீரின் விளிம்பில், அந்த அம்மாவும் இருந்தாள். ஒரு கை புடவையைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு கால் தரையில், மற்றது தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே. “யாரும்மா, யாரைப் பாக்கணும்?” என்று கேட்டதற்கு அவள் திரும்பவில்லை. தங்கராசு இரண்டு நாள் வாளியால் இறைத்துப் பார்த்துவிட்டு, கடலை வாளியால் வற்றவைத்தவன் உண்டா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஓய்ந்தார். ஒரு காதணி விழா முன்பதிவாகியிருந்தது, அதுவும் நடந்தது. தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடியில் குழந்தையை வைத்துக்கொண்டார். ஆனால் கால் தூக்கி நிற்பவளை இடித்துக்கொண்டு போய்ச் சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. பந்தியைக் கூடத்திலிருந்து மொட்டை மாடிக்கு மாற்றினார்கள். ஒரு பெண் டம்ளரில் பாயசம் கொண்டுபோய் நீட்டினாள், அது கையிலேயே ஆறிப்போனது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, இது இப்போதைய கடல் இல்லை என்று மட்டும் சொன்னார்.

யார் அந்த அம்மா என்பது அழகேசனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. பாதியில் தான் நிறுத்திய வரி அவருக்கு நினைவிருந்தது. புரிந்த அன்றைக்கே பஸ் ஏறினார். குரும்பலூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் சொன்னார்.

“உங்கம்மா அங்கயே நிக்கிறாங்கம்மா. கால எடுத்தவங்க இன்னும் வைக்கல. தப்பு என்னோடதுதான். மிச்சத்தையும் நீங்கதான் வந்து படிக்கணும்.”

பரிமளா ஊசிக்கடியில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, “படிச்சு முடிச்சா?” என்றாள்.

“அது எனக்குத் தெரியாதும்மா.”

அவளுக்குத் தெரியும். கவிதை முடிந்தால் அம்மாவும் முடிந்துவிடுவாள். முடிக்காவிட்டால் அரியலூருக்குப் பஸ் ஏறி எப்போது வேண்டுமானாலும் பார்த்துவிட்டு வரலாம். இதை அவள் தர்மராஜிடம் சொன்னபோது அவன் சட்டையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அவன் அதை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னான்.

“எனக்கும் அத்தையப் பாக்கணும்னுதான் இருக்கு. ஆனா ஒத்தக் கால்ல எத்தன நாளைக்குப் பரிமளா நிப்பாங்க? கூடை தூக்குன காலு. வலிக்காதா?”

ஆவணிக் கூட்டத்தில் வரவேற்புரை இல்லை, தலைமையுரை இல்லை. படிக்கட்டுவரை ஜனம் நின்றது. முத்தமிழ்செல்வன் யாரும் அழைக்காமலேயே வந்து கடைசி வரிசையில் தண்ணீருக்குள் உட்கார்ந்தார். பரிமளா மேடையேறி, இந்த முறை தலை நிமிர்ந்து, எதிரே வாசலைப் பார்த்தாள். அதே பச்சைக் கண்டாங்கி. அதே வெள்ளைத் தூசி, புருவத்தில், கழுத்து மடிப்பில். பரிமளா காகிதத்தில் விட்ட வரியைத் தேடி விரல் வைத்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. எங்கோ அலைபேசி ஒலித்தது. முத்தமிழ்செல்வன் அது தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் இரண்டு கையாலும் அதைக் கடலுக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

‘வைக்கிறாள்’ என்று வாசித்தாள் பரிமளா.

சுந்தராம்பாள் காலை வைத்தாள். “ஐய, சில்லுன்னு இருக்குடி!” என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. மற்றவர்களுக்கு முழங்காலளவு நின்ற தண்ணீர், அவள் நடக்க நடக்க அவளுக்கு மட்டும் இடுப்பளவு ஆனது. நாற்காலிகளுக்கு நடுவே நின்று இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவினாள். அத்தனை வருஷத்துத் தூசியும் கரைந்து, யாரும் பார்த்திராத அவளுடைய நிறம் வெளியே வந்தது. கூட்டத்தில் பலர் வாய்விட்டு அழுதார்கள். பரிமளா ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்தாள். ஆனால் எந்தக் கவிதைக்கும் கடைசி வரி உண்டு.

‘கடலே, இவளிடம் மரியாதையாக இரு.
உன்னைக் கூடை கூடையாகச் சுமந்தவள் இவள்.’

கடல் சுவருக்கு அடியில் மெல்ல இறங்கிப் போனது. இடுப்பளவு தண்ணீரில், திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி, சுந்தராம்பாளும் அதோடு போனாள். தரை காய்ந்திருந்தது. யாரும் கை தட்டவில்லை, அழகேசன் பொன்னாடையை எடுத்து அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். தர்மராஜ் மேடைக்கு வந்து, “படிச்சிட்டே” என்றான்.

இப்போது கல்லோசையில் புதியவர்கள்தான் முதலில் வாசிக்கிறார்கள், யார் படியேறி வந்தாலும் கவிதை முடியும்வரை வாசலிலேயே நிற்கிறார்கள். மண்டபச் சுவரில் முழங்கால் உயரத்தில் உப்புக் கோடு ஒன்று இருக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் மாசியில் திரும்ப வந்துவிடும். அந்த ஆவணிக்கு அடுத்த புரட்டாசியிலேயே பரிமளா புதுக் கவிதை ஒன்றோடு வந்தாள். எதைப் பற்றி என்று யாரும் கேட்கவில்லை. அவள் மேடையேறி மைக்கைச் சரிசெய்தபோது, ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள், பெண்கள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.