விசில் ஊதும்வரை தீவு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நிஜம் என்று இருப்பது ஒரு பல் டாக்டரம்மா சொன்ன இரண்டு வரி மட்டுமே. சொன்னபோது அவர் கையில் என் கடைவாய்ப் பல்லைக் குடையும் கருவி இருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு தீவின் படம்: நீலக் கடல், வெள்ளை மணல், ஆளில்லாத சாய்வு நாற்காலி. நான் அதையே வெறித்துப் பார்ப்பதைக் கவனித்தவர் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர் என்னைப் பசங்களோட அந்தத் தீவுக்குத்தான் கூட்டிட்டுப் போறாராம். ரெஸ்ட் எடுக்கவாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. நாக்கின்மேல் பஞ்சு இருந்தது. அன்று கேட்க முடியாமல் போனதைத்தான் இப்போது நானாக இட்டுக்கட்டி எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பொன்மணலை அலைகள் தழுவிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள்'

வேண்டாம். இவர்கள் இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'ஓய்வு என்பது யாதெனில்'

அடச்சே.

மூன்றாவது: டாக்டரம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. (இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.) ஆசை ஒன்றும் பெரிதல்ல. பகலெல்லாம் யார் யாரோ அவர் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேர் திறந்த வாயை மூடுவதே இல்லை. ஐந்து வயதில் பெரியவள், மூன்று வயதில் சின்னவன். குளியலறைக் கதவைத் தாழிட்டாலும் அடியில் உள்ள இடுக்கு வழியாக "அம்மா" வந்துவிடும். கூடவே நாலு குட்டி விரல்களும் வரும்.

"தீவெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றார் கணவரிடம். "ஒரே ஒரு மணி நேரம் என்னை யாரும் அம்மான்னு கூப்பிடாம இருந்தா போதும். அது தீவுல கிடைக்கும்னா சொல்லுங்க, வரேன்."

"கிடைக்கும். நான் ஏற்பாடு பண்றேன்," என்றார் கணவர்.

3

இந்தக் கணவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று வெகுநேரம் முழித்தேன். வங்கியில் உட்காரவைத்தேன், மனிதர் அசையவே இல்லை. சமையல்காரராக்கினேன், கதை சாப்பாட்டுப் பக்கம் ஓடிவிட்டது. அப்போதுதான் எங்கள் அலுவலகத்துக்குத் தீ ஒத்திகை நடத்த வந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரை அப்படியே இழுத்துக் கதைக்குள் போட்டேன்.

உயரமான கட்டடங்களில் அபாய மணியை அடிக்கவிட்டு, எல்லோரையும் படிவழியே இறக்கி வாசலில் நிறுத்துவதுதான் அவர் பிழைப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அவர் தொழிலில் ஒரே சட்டம். அடிபட்டவராக நடிக்கச் சொன்னால், விசில் ஊதும்வரை நீங்கள் அடிபட்டவர்தான். முதலாளியே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது.*

*இப்படியும் ஓர் ஆள் உண்டா என்று கேட்பீர்கள். தன் கல்யாணத்துக்கே ஒத்திகை பார்த்தவர் ஐயா இவர். மணப்பெண் இடத்தில் நின்றது மச்சான்.

4

ஆகவே தீவுக்கும் ஒத்திகை. சோபா விமானமானது. நீலப் போர்வை கடல். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கெஞ்சி வாங்கிய ஒரு வாளி மணல், பால்கனியில் கடற்கரையாகக் கொட்டப்பட்டது. அங்கே ஒரு சாய்வு நாற்காலி. அதில் டாக்டரம்மா.

முதல் ஒத்திகை நாறிப்போனது. விமானம் கிளம்புமுன் சின்னவனுக்கு மூத்திரம் வந்தது. பெரியவளுக்கு ஜன்னல் சீட்டு வேண்டுமாம்; சோபாவுக்கு ஏது ஜன்னல்? கடலில் கால் வைத்ததும் இருவரும் போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"அம்மா, இவன் கடலக் கிழிக்கிறான்!"

"அம்மா, அவதான்! அம்மா! அம்மா!"

ஒத்திகைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு அவருக்குள் இருந்த தொழில் விழித்துக்கொண்டது. கும்பலாக நிற்கிறவர்கள்தான் கத்துவார்கள். ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவார்கள். அவர் தினமும் பார்ப்பதுதானே!

"பாப்பா, நீதான் ஹோட்டல் மேனேஜர். தம்பி, நீ கடலுக்குக் காவல். இங்க வந்து தங்குறவங்கள எப்படிக் கூப்பிடணும்?"

"மேடம்!"

"விசில் ஊதுற வரைக்கும் நாற்காலியில இருக்கிறது யாரு?"

"மேடம்!"

5

(இந்த இடத்தில் எனக்கு டாக்டரம்மாமேல் சந்தேகம் வந்துவிட்டது. படித்தவர், நாலு பேருக்கு வாயைப் பார்த்துப் புத்தி சொல்கிறவர், இந்தக் கூத்துக்கு எப்படிச் சம்மதித்தார்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே கேட்டேன். "சம்மதிச்சேன்னு யார் சொன்னா? நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்தேன்," என்றார். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டேன்.)

6

கிளம்புகிற நாள் வந்தது. வாசலில் மூட்டைகள் மலையாக நின்றன. மிதவை, கொசு மருந்து, வயிற்றுவலி மருந்து, வெயில் கிரீம், ஒரு காது இல்லாத முயல் பொம்மை. ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு சாமான் எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை என்று தெரிந்துவிடும்.

"டாக்ஸி வர்ற வரைக்கும் கடைசியா ஒரு ஒத்திகை," என்றார் ஒத்திகைக்காரர். டாக்டரம்மா பால்கனிக்குப் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"மேடம், டீ," என்று பெரியவள் காலிக் கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கி நிதானமாகக் குடித்தார். சூடாக ஒரு டீ குடித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"மேடம், எனக்கு ஒண்ணுக்கு வருது," என்றான் கடல் காவலன். ஒத்திகைக்காரர் சத்தமில்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா தூங்கிவிட்டிருந்தார். நடிப்பில்லை, நிஜத் தூக்கம். நாளெல்லாம் ஊரார் வாயைப் பார்க்கிறவரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. காலில் மணல் ஒட்டியிருந்தது. பெரியவள் பிறந்த பிறகு அந்த முகத்தை இப்படி அமைதியாக ஒத்திகைக்காரர் பார்த்ததே இல்லை. இவ்வளவு களைத்துப்போயிருக்கிறாளா என்று நினைத்துக்கொண்டார்.

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது.

"சார்," என்றாள் மேனேஜர் ரகசியக் குரலில். "மேடம் தூங்குறாங்க."

அவர் விசிலை வாயில் வைத்தார். டாக்டரம்மா கேட்ட ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

7

முடிவு ஒன்று: ஊதுகிறார். விமானத்தைப் பிடித்துவிடுகிறார்கள். டாக்ஸியில் ஏறும்போதே "அம்மா" தொடங்கிவிடுகிறது. தீவில் கடல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள நாற்காலியில் எந்நேரமும் ஈரத்துண்டும் முயல் பொம்மையும்...

முடிவு இரண்டு: ஊதவில்லை. டாக்ஸி போகிறது, விமானமும் போகிறது. வெயில் சாய்ந்த பிறகு டாக்டரம்மா கண்விழித்து, "ஏங்க என்னை எழுப்பல?" என்கிறார். அதைக் கோபமாகச் சொல்கிறாரா, வேறு மாதிரியா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துப்போட்டேன்.

முடிவு மூன்று: டாக்ஸி டிரைவர் மேலே வந்து காலிங் பெல்லை அடிக்கிறார். இது அழுகுணி ஆட்டம். ஒதுக்கிவிடலாம்.

8

நாளை என் பல்லை அடைக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். தீவுக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று டாக்டரம்மாவையே நேரில் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவர் அருகில் வரும்போதெல்லாம் என் வாய் திறந்தல்லவா இருக்கும்? மறுபடியும் பஞ்சை வைத்துவிடுவார்.

அதனால் விசிலை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஒத்திகைக்காரருக்கு ஆட்சேபணை இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்தபடி அவரும் உங்களைத்தான் பார்க்கிறார். மேனேஜர் உதட்டில் விரல் வைத்திருக்கிறாள். கடல் காவலன் மட்டும் முயலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நாற்காலியை நெருங்கிவிட்டான். அம்மாவின் காதருகே குனிகிறான்.

"மே..."

மீதி அவனுக்கு மறந்துவிட்டது. அவரைக் கூப்பிட அவனுக்குத் தெரிந்த சொல் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

ஊதலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். கீழே மறுபடியும் ஹாரன் அடிக்கிறார்கள்.