டாட் விட்காம்ப் அழுத மத்தியானம்

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தை ஒட்டிய ஹார்ட்வெல்லில் ஊர்த்தலைவர் தேர்தலுக்கு நிற்கிறவர் சர்ச்சுக்குப் போகாமல்கூட ஜெயித்துவிடலாம். ஸ்டாஷின் பீர் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் விங்ஸ் என்கிற காரமான கோழி இறக்கை வறுவலைத் தின்னாமல் ஜெயிக்க முடியாது. டாட் விட்காம்புக்கு இதை யாரோ தாமதமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். தேர்தலுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், புகைப்படக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர். ஆனால் புல்வெளிகளில் நட்டிருந்த அட்டைகளில் எல்லாம் அவர் முகத்துக்குக் கீழே ‘உங்களில் ஒருவன்’ என்று அச்சடித்திருந்தது. போட்டிருந்த ஃபுட்பால் பனியனில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

ஜெனீவ் டுடெக் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் வால்ட்டுக்கு ஜலதோஷம். வீட்டில் போர்வைக்குள் கிடந்தான். புகைப்படக்காரி கடையைச் சுற்றிலும் பார்த்தாள். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, விரலெல்லாம் சிவப்புச் சாறு என்றிருந்த ஜெனீவ்தான் அவளுக்குப் பிடித்துப்போனாள்.

“இங்க உக்காருங்க சார். இவங்க நிஜமான ஆளு மாதிரி இருக்காங்க.”

“மாதிரி என்னடி மாதிரி?” என்று ஜெனீவ் கேட்பதற்குள் விட்காம்ப் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டாஷ் பீர் குழாய்க்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “என்ன சார் வேணும்?”

“விங்ஸ்தான். எலும்பில்லாதது இருக்கா?”

“இருக்கே. குழந்தைங்க மெனுவுல பாருங்க.”

கடை முழுக்கச் சிரித்தது. விட்காம்பும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்து, எலும்போடு இருப்பதையே வாங்கிக்கொண்டார். தட்டு வந்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்து, நோயாளியை அறுக்கப்போகும் டாக்டர் மாதிரிக் குனிந்தார்.

“சார்,” என்றான் ஸ்டாஷ், “அந்தக் கோழி ஏற்கெனவே செத்துப்போச்சு.”

விட்காம்ப் கரண்டியைக் கீழே வைத்தார். தொட்டுக்கொள்ள தட்டில் வைத்திருந்த ப்ளூ சீஸ் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். “தொட்டுக்க ரேஞ்ச் கிடைக்குமா?”

எழவு வீட்டில் கல்யாணப் பத்திரிகை நீட்டினாற்போல் ஆகிவிட்டது. பெரிய டி.வி.யில் ஓடிய மேட்ச்சைக்கூட யாரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் விங்ஸுக்கு ப்ளூ சீஸ்தான். ரேஞ்ச் என்கிற மோர் சாஸ் வெளியூர்க்காரர்களுக்கு. அதைக் கேட்கிறவனுக்கு ஊருக்குத் திரும்ப வழி சொல்வார்கள், ஓட்டுப் போடமாட்டார்கள். புகைப்படக்காரி அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். விட்காம்ப் நிமிர்ந்து உட்கார்ந்து, “சும்மா தமாஷுக்குக் கேட்டேன். உங்ககிட்ட இருக்கறதிலேயே ரொம்பக் காரமானதைக் கொண்டாங்க!” என்றார்.

“அதோட பேரு கல்லறை,” என்றான் ஸ்டாஷ். “யோசிச்சுக்கங்க.”

“கொண்டா, கொண்டா.”

அது வருகிற இடைவெளியில், “சொல்லுங்கம்மா, உங்க தெருவுல என்ன பிரச்சினை?” என்று கேட்டார், காமிராவைப் பார்த்தபடி.

கேட்டதே போதும் என்று ஜெனீவ் ஆரம்பித்தாள். போன குளிர்காலத்தில் அவள் தெருவுக்குப் பனி தள்ளும் வண்டி வரவே இல்லை. வால்ட்டுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகள் சறுக்கி விளையாடும் பலகையில் அவனைக் கட்டி இழுத்துப் போனார்கள். “அவரு படுத்துக்கிட்டே என் முகத்தைப் பாத்தாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.” இதை வெளி ஆளிடம் அவள் சொன்னதில்லை.

விட்காம்ப் “ம்... ம்...” என்று தலையாட்டியபடி கல்லறையைக் கடித்தார். முகம் சிவந்தது. மூக்கு ஒழுகியது. நெற்றி வேர்வையைத் துடைக்கப்போன கை அப்படியே கண்ணுக்குள் போய்விட்டது.

“கண்ணைத் தொடாதீங்க!” என்று ஸ்டாஷ் கத்தினான். அதற்குள் இரண்டு கண்ணையும் கசக்கியாயிற்று.

பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். ஜெனீவுக்குத் தன் கதை மறந்து, அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஸ்டாஷ் நீட்டிய பாலில் பேப்பர் நாப்கினை நனைத்து அவர் கண்ணில் ஒற்றினாள். புகைப்படக்காரி அப்போது சும்மா இருக்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் பாதிப் பக்கத்துக்கு வந்தது: ‘மக்கள் துயரம் கேட்டுக் கண்ணீர் விட்ட வேட்பாளர்’. பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் ஈர நெஞ்சத்தைப் பற்றிப் பேசினார். ஸ்டாஷ் கடையில் இருந்தவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். குடிகாரர்கள் பேச்சு என்று ஊர் ஒதுக்கிவிட்டது. விட்காம்ப் ஜெயித்தார்.

ஜனவரியில் அவர் பதவியேற்றார். பனியும் கொட்டியது. ஜெனீவ் தெருவுக்கு வண்டி வரவில்லை. போன் செய்தால் “பரிசீலிக்கிறோம்” என்றார்கள். ஒருவழியாக ஊர்க்கூட்டத்துக்கே போய், பொதுமக்கள் பேசும் நேரத்தில் மைக்கின் முன் நின்றாள்.

“ஆகா, என் அருமைத் தோழி ஜெனிஃபர்!” என்று விட்காம்ப் கையை விரித்தார்.

“ஜெனீவ்,” என்றாள். “ஐயா, அன்னிக்கு என் கதையைக் கேட்டு அழுதீங்களே, நான் என்ன சொன்னேன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க.”

விட்காம்ப் சிரித்தார். தண்ணீர் குடித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் குரலைத் தழைத்துக்கொண்டு, “மறைந்த உங்க கணவரைப் பத்தி... அந்த இழப்பை என்னால மறக்கவே முடியலம்மா,” என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தொப்பியில் பனியை உதறிக்கொண்டு வால்ட் உள்ளே வந்தான். “ஜெனீ, உன் முறை முடிஞ்சிடுச்சா? காரை நிறுத்த இடமே கிடைக்கல.”

“இவருதாங்க மறைஞ்சவரு,” என்றாள் ஜெனீவ் மைக்கில்.

கூட்டம் அடங்க வெகு நேரம் ஆயிற்று. வால்ட்டுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கவே, மரியாதைக்குக் கையை உயர்த்திக் காட்டினான். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

மறுநாள் விடிகாலையிலேயே தெருவில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு வண்டிகள். ஜெனீவ் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். தெரு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தள்ளிய பனி மொத்தமும் அவள் வீட்டு வாசலில் இடுப்புயரச் சுவராக நின்றது. அதற்குப் பின்னால் அவர்கள் கார்.

“வேணும்னே பண்ணியிருக்கான்,” என்றான் வால்ட்.

“பண்ணட்டும். ஆம்புலன்ஸ் வருமில்ல?” அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு மண்வாரியை எடுத்தாள். அவனும் எழுந்து வரப்பார்த்தான்.

“நீங்க உள்ளயே இருங்க. செத்தவங்களுக்கெல்லாம் வெளிய வேலை இல்ல.”