வெயிலில் காய்ந்த பென்சில்

பென்சில் கம்பெனியின் பொன்விழா மலர் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் முதலாளி, இரண்டாம் பக்கத்திலும் முதலாளி, மூன்றாம் பக்கத்தில் கம்பெனியைத் தொடங்கிய அவருடைய அப்பா.

கம்பெனிச் சூளையில் பென்சில் குச்சி சுடும் சூளைக்காரி கையைக் கழுவிவிட்டுத்தான் புரட்டினாள். அவள் தேடியது ஒரே ஒரு வரி. கிராஃபைட்டையும் களிமண்ணையும் குழைத்துச் சுட ஊர் உலகம் கற்று ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியும், இந்தக் கம்பெனிக் குச்சி மட்டும் ஆரம்பத்தில் தொட்டால் உதிர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று ஒரு வருஷம் சூளை முன்னால் வெந்து கண்டுபிடித்தவர் அவள் அப்பா.

மலரில் வேறு கதை. பெரிய முதலாளி கனவு கண்டாராம். கனவில் வந்தபடி குழைத்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்தாராம். பென்சில் பிறந்ததாம். அவள் அப்பாவோடு சேர்த்துச் சூளையையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தார்கள்.

எழுதியவர் மேனேஜர். அவரிடமே போய்க் கேட்டாள்.

"எல்லார் பேரையும் போட்டா அது மலர் இல்லம்மா, வோட்டர் லிஸ்ட்" என்றவர், கையோடு வேலையும் கொடுத்தார். விழா மேடையில் முதலாளி எழுதிக்காட்ட அந்த முதல் பென்சிலைப் போலவே ஒன்று வேண்டும். "மலர்ல இருக்கிற மாதிரியே செய். இம்மி பிசகக்கூடாது."

பிசகவில்லை. மூன்று நாள் மொட்டைமாடி வெயில்.

விழாவன்று பள்ளிகளுக்கு மொத்தமாகப் பென்சில் வாங்கும் அதிகாரி அம்மாள் முன்வரிசையில் இருந்தார். முதலாளி தன் அப்பாவின் பெயரை எழுதத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே குச்சி பொடிப்பொடியாக உதிர்ந்தது. அழுத்தினார். மரம் காகிதத்தைக் கிழித்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் கரி.

முதலாளி மேனேஜரை முறைத்தார். மேனேஜர் சூளைக்காரியை முறைத்தார்.

"மலர்ல இருக்கிறபடிதாங்க செஞ்சேன்" என்றாள் அவள். "சூளையில வைக்கச் சொல்லி அதுல இல்லையே."

அதிகாரி அம்மாள் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அப்ப சுட்டது யாரு?" என்றார்.

முதலாளிக்கு வேறு வழியில்லை. ஆர்டர் அந்த அம்மாள் கையில். மைக்கும் அணைக்கப்படவில்லை.

"இவங்க அப்பா" என்றார்.

மறுநாள் ஆயிரம் மலரிலும் அந்த ஒரு வரியைக் கையால் சேர்க்க மேனேஜர் உட்கார்ந்தார். பின்னால் அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று, பென்சிலாலேயே எழுதும்படி முதலாளி காதில் ஓதியிருந்தார்.

நானூறாவது மலரில் முனை மழுங்கியது. சூளைக்காரி புதுப் பென்சில் ஒன்றைச் சீவி நீட்டினாள்.

"நல்லா அழுத்தி எழுதுங்க சார். இது சுட்டது, உதிராது. நாளைக்கு யாராவது அழிச்சாலும் தடம் தெரியணும்."