இரண்டாவது வாளி

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். லிஃப்ட் வருவதற்குள் பொத்தானைப் பத்துத் தரம் அமத்துகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், பியர் காய்ச்சப் போகிறேன் என்று வேலையிடத்து விருந்துப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வந்தால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"ரெண்டு கிளாசுக்கு மேலை குடிக்கத் தெரியாத மனுசன் காய்ச்சப் போறாராம்," என்றாள் என் மனைவி சிவமலர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோர்வேயின் ஸ்ட்ரோம்மனில் ஒரு பண்டகசாலையில் பத்தொன்பது வருடமாகப் பெட்டி அடுக்குகிறேன். ஒவ்வொரு டிசம்பரும் நத்தார் விருந்துக்கு, வீட்டில் பியர் காய்ச்சுகிற ஏழெட்டுப் பேர் தங்கள் போத்தல்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று முகர்ந்து, குடித்து, குறை சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். நான் கொண்டுபோவது வீட்டில் பொரித்த றோல்ஸ். "அருமை, குகநேசன்! அருமை!" என்று இரண்டு கடியில் விழுங்கிவிட்டு எல்லோரும் பியர் மேசைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் வெறும் தட்டோடு சுவர் ஓரமாக நிற்பேன். இந்த வருடம் அந்த மேசையில் என் போத்தலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் ஹன்னா தன்னுடைய பழைய வாளி ஒன்றையும் ஒரு செய்முறைத் தாளையும் தந்தாள். ஒக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மோல்ட்டை, அதுதான் முளைவிட்ட பார்லியை, காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடினேன். பதினெட்டுப் பாகையில் இரண்டு வாரம் வைக்கவும், திறக்க வேண்டாம் என்று தாளில் எழுதியிருந்தது. புளிக்கவைப்பதைப் பற்றி எனக்கே பாடமா? இந்தக் குளிர் நாட்டில் தோசைமா பொங்க வேண்டுமென்றால் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரே இடம்தான். குளியலறைத் தரை. அடியில் கம்பிச் சூடு ஓடும். இரவு வைத்தால் காலையில் சட்டி நிறைந்துவிடும். வாளியையும் அங்கேயே வைத்து, சூட்டைக் கூட்டி, மேலே ஒரு போர்வையும் போர்த்திவிட்டேன்.

காலையில் பார்த்தால் வாயு வெளியேற மூடியில் செருகியிருந்த தண்ணீர்க் குழாய் பறந்துபோய்க் கிடந்தது. சுவரெல்லாம் நுரை.

"பாத்தீரே! ஒரு ராவிலை பொங்கியிட்டுது!" என்று துள்ளினேன்.

"சுவரைத் துடைச்சுப்போட்டுத் துள்ளுங்கோ," என்றாள் சிவமலர்.

மூன்றாம் நாள் குமிழிச் சத்தம் அடங்கியது. முடிந்துவிட்டது என்று ஒரு கிளாஸ் எடுத்தேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதுமே கண் எரிந்தது. சிவமலர் வாங்கி முகர்ந்தாள். "இதாலை நகப்பூச்சு அழிக்கலாம்," என்றாள்.

அடுத்தநாள் வேலையிடத்தில் ஹன்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போர்வை உட்பட. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள்.

"சூட்டில் ஈஸ்ட் கண்மண் தெரியாமல் வேலை செய்யும். அதுதான் அந்த நாற்றம். பரவாயில்லை, பட்டியலில் உன் பெயரை வெட்டிவிடட்டுமா? நீ வழக்கம்போல..."

"வெட்டாதே," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் சொல்ல வந்ததை முடிக்க நான் விடவில்லை.

இருபது லீட்டரையும் குளியலறையில் ஊற்றினேன். அடுத்த சனிக்கிழமையே திரும்பக் காய்ச்சினேன். இந்த முறை வாளி போனது கீழ்த்தளத்துச் சாமான் அறைக்கு, பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பக்கத்தில். வெப்பமானி பதினெட்டுக் காட்டியது. ஒரு நாள் போனது. ஒரு குமிழி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒருமுறை மூடியில் கையே வைத்துவிட்டேன். திறந்து ஒரு கலக்குக் கலக்கினால் என்ன என்று கை துடித்தது. இரண்டு கையையும் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தேன்.

மூன்றாம் நாள் குழாயில் ஒரு குமிழி வந்தது. நான் அரை நிமிடம் மூச்சுவிடாமல் நின்றேன். இன்னொன்று வந்தது.

பத்தாம் நாள் குமிழி நின்றது. ஆனால் இப்போது தாளை ஒழுங்காக வாசித்திருந்தேன். குமிழி நின்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. வாளியின் அடிப் பைப்பால் கொஞ்சம் எடுத்து, மிதக்கும் கண்ணாடிக் கோலை அதில் விட்டு, கோல் மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கோல் இறங்கினால் உள்ளே இன்னும் புளிக்கிறது; அப்போது அடைத்தால் போத்தல் வெடிக்கும். என் கோல் ஒவ்வொரு நாளும் ஒரு நூல் அளவு கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. விருந்தோ கிட்ட வந்துகொண்டிருந்தது. போத்தலில் அடைத்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும்.

"நாள் காணாதெல்லே. இண்டைக்கே அடைச்சுவிடுங்கோவன்," என்றாள் சிவமலர். அவளுக்கும் இப்போது கவலை வந்துவிட்டது.

"இல்லை. கோல் இன்னும் இறங்குது."

"உங்கடை வாயாலைதான் இது வருகுதோ?"

எனக்கே நம்ப முடியவில்லை. கோல் மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகு, பதினேழாம் நாள்தான் அடைத்தேன். விருந்துக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருந்தது.

விருந்தன்று மேசையில் என் போத்தல் ஆறாவதாக நின்றது. முதலில் எடுத்தவன் ஆன்ட்ரியாஸ். பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். ஒவ்வொரு வருடமும் அவன் பியர்தான் முதலாவது. அடுத்தவன் பியரைக் கிழித்துத் தொங்கவிடுவதில் கெட்டிக்காரன். என்னோடு மட்டும் எப்போதும் மரியாதையாகச் சிரிப்பான். கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குடித்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"குகநேசன், நுரை நிற்கவேயில்லை," என்றான் எல்லோருக்கும் கேட்க. "கசப்பும் காணாது. இவ்வளவு சுத்தமாகப் புளிக்கவைத்துவிட்டு போத்தலில் ஏன் அவசரப்பட்டாய்? இன்னும் இரண்டு வாரம் விட்டிருக்க வேண்டும்."

"உனக்குக் கசப்பு என்றால்தான் பியர்," என்று ஹன்னா பாய்ந்தாள். இன்னும் மூன்று பேர் கிளாஸ் நீட்டினார்கள். கசப்புக்கு என்ன ஹொப்ஸ் போட்டாய், எத்தனை பாகை, எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டுச் சண்டை பிடித்தார்கள். நடுவில் நான் நின்று, ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.

அடுத்தநாள் காலை தேத்தண்ணியோடு சிவமலர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்னவாம்? என்ன சொன்னவை?"

"நுரை நிக்கேல்லையாம். கசப்புக் காணாதாம். ஆன்ட்ரியாஸ் முகத்துக்கு நேரை சொன்னவன்."

"அதுக்கேன் இப்பிடிச் சிரிக்கிறியள்?"

"இத்தினை வருசத்திலை அவங்கள் எனக்கு ஒரு குறை சொன்னதில்லையப்பா," என்றேன். "நேற்றுத்தான் சொன்னவங்கள்."