கட்டிலுக்கு அடியில் கல்

தினமும் காலையில் எங்கள் வீட்டுத் தரை நடுங்கத் தொடங்கும். பின்சுவருக்கு அப்பால் வினோஜின் ஹாலோபிளாக் கல் செய்யும் களம். வினோஜ் என் மனைவி பூங்கனியின் தம்பி. மாமனார் அஞ்சுகிராமத்து மனையை இரண்டாகப் பிரித்து, வீடு இருந்த பாதியை மகளுக்குக் கொடுத்ததிலிருந்து அவனுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. தன் பாதியில் எவ்வளவோ இடம் கிடக்க, கல் அடிக்கும் மிஷினை எங்கள் படுக்கையறையை ஒட்டியே போட்டான்.

பூங்கனிக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்திருந்தது. அச்சில் கலவையை இறுக்குவதற்காக மிஷின் குலுங்கும்போது தரை குலுங்கும், கட்டில் குலுங்கும், அது அவள் எலும்பில் போய் நிற்கும். இரவெல்லாம் வலி. மாத்திரை வேலை செய்து கண் சொருகும் நேரத்தில் மிஷின் ஓடத் தொடங்கிவிடும். பகலில் கொஞ்சம் தூங்க வேண்டும், அதைத் தவிர அவள் எதுவும் கேட்கவில்லை.

களத்துக்குப் போய் வினோஜிடம் சொன்னேன்.

"வீட்டப் புடுங்கியாச்சு. இப்ப எனக்க பொழப்பயும் புடுங்கணுமா அத்தான்?"

"மிஷின நிறுத்தச் சொல்லல. அடியில என்ன வச்சிருக்கன்னு பாரு."

லாரி டயரை வெட்டி வைத்திருந்தான். காய்ந்து இறுகிப் போயிருந்தது. மிஷினின் அதிர்வு முழுவதும் அது வழியாக அப்படியே தரையில் இறங்கியது.

வடசேரியில் மிஷின் சாமான் விற்கும் கமருதீனின் கடைக்குப் போனேன். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ரப்பர் ஒட்டிய மவுண்டுகளை எடுத்து வைத்தார். "மிஷின் இதுக்க மேல மெதக்கணும் சாரே. ஆடத்தான் செய்யும். ஆடுதேன்னு தரையோட சேத்து போல்ட்ட முறுக்கிரப்பிடாது."

நான் கொடுத்தால் வினோஜ் வாங்கமாட்டான். அவன் மனைவி அஞ்சலியிடம் கொடுத்தேன். அவள் என்ன சொன்னாளோ, மாட்டினான். மறுநாள் தரையில் லேசான முனகல் மட்டும்தான் இருந்தது. பூங்கனி வாய் திறந்து, நண்பகல் தாண்டியும் தூங்கினாள். நான் கஞ்சியைச் சூடாக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த நாள் பழைய நடுக்கம் திரும்பி வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மவுண்டுகளின் ஊடே நீளமான போல்ட்டுகளை இறக்கிக் கான்கிரீட்டோடு முறுக்கியிருந்தான். எங்கள் ஊர்ப் பக்கம் அசையாமல் நிற்பதற்குத்தான் நல்ல மிஷின் என்று பேர்.

"குடிகாரன் மாதிரி ஆடுது. கல்லு வாங்க வாறவன்லாம் சிரிக்கான்."

"அது ஆடலன்னா ஒங்க அக்கால்லாடே ஆடுகா!"

"அவ ஆடுனது போதாதா? எங்க அப்பாவ ஆட்டி வச்சுத்தானே வீட்ட வாங்குனா?"

"ஒனக்கு ஒரு நோவு வரும்லே. அன்னைக்குத் தெரியும்."

"சாபமா விடுகீரு? ஒம்ம ரப்பர நீரே வச்சு அழும்."

சாயங்காலம் மவுண்டுகள் மதிலுக்கு மேலாகப் பறந்து வந்து விழுந்தன. அன்றிலிருந்து களத்தில் உடைகிற கல்லெல்லாம் எங்கள் பக்கம்தான் விழுந்தது.

மவுண்டுகளைக் கழுவிக் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தேன். ஒரு பயனும் இல்லை. கமருதீனுக்குப் போன் செய்தேன்.

"அது பெரிய மிஷினுக்கு உள்ளது சாரே. கட்டிலுக்கும் ஆளுக்கும் என்ன கனம் வரும்? ரப்பர் அமுங்கணும். அமுங்கலன்னா அதும் கல்லுதான்."

பூங்கனியிடம் கனம் என்று எதுவும் மிச்சமில்லை. மதிலோரம் போனேன். உடைந்த கற்களைச் சுமந்து வந்து, கட்டிலின் கீழ்ச்சட்டத்தில் பலகை கட்டி, தரையைத் தொடாமல் அடுக்கினேன். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்க கல்லு?"

"ஒனக்க தம்பிக்க கல்லுதான்."

"எறிஞ்சானா?"

"எறிஞ்சான்."

"நல்லாப் பெறக்கி வையுங்க" என்று சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். இருந்தும் சிரித்தாள்.

ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கியது. மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. கட்டிலில் நடுக்கம் இல்லை. மிஷின் ஓட ஓட அவள் தூங்கினாள். கடைசிவரை பகலில் தூங்கினாள்.

அவள் இறந்த காலையில் களத்தில் சத்தம் இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வினோஜ் வந்தான். அவளைக் கட்டிலோடு முன்னறைக்குக் கொண்டுபோக ஆட்கள் பிடித்தார்கள். அசையவில்லை.

"என்னத்தக் கெட்டி வச்சிருக்கீரு?" என்று வினோஜ் கோடியை அஞ்சலியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். எல்லாம் அவன் எறிந்த கல். பிறகு ஒவ்வொரு கல்லாக உருவி வெளியே கொண்டுபோய் வைக்கத் தொடங்கினான். ஒருவர் உதவப் போனார். "அவனே எடுக்கட்டும்" என்றேன்.

கடைசிக் கல்லை எடுத்தபோது அவன் சட்டையெல்லாம் சிமென்ட் தூசி.

"இன்னைக்குக் களத்த மூடிட்டேன் அத்தான்."

"எதுக்கு? போயி ஓட்டு. இனி ஒங்க அக்கா முழிக்கமாட்டா."

கையிலிருந்த கல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல நின்றான். நான் இடம் காட்டவில்லை.