மாற்றிப் பதிந்த பாடம்

கீழ் வீட்டில் பெரியவள், மாடி வீட்டில் சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓர்ப்படிகள். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பெண், இருவருக்கும் பதினைந்து வயது. பெரியவளின் மகளை மொட்டு என்றும் சின்னவளின் மகளை வாண்டு என்றும் கூப்பிடுவார்கள்.

பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானபோது, ஓர்ப்படிகள் பாடங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த பெரியவளுக்கு வரலாறு. நில அளவை அலுவலகத்தில் இருந்து வந்த சின்னவளுக்குப் புவியியல்.

பெரியவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். கூடத்துச் சுவர் நெடுகத் தாள் ஒட்டி, ஆயிரம் வருடத்து அரசர்களையும் போர்களையும் மூன்று வண்ணத்தில் எழுதினாள். வாரம் ஒரு தேர்வு. தேதி தவறினால் அதே கேள்வி மறுநாளும் வரும்.

சின்னவள் எதையும் எழுதி ஒட்டவில்லை. அளவு நாடாவையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு பெண்களைத் தெருவில் இறக்கிவிட்டாள். மழைத்தண்ணீர் ஏன் தையல்கடை வாசலில் மட்டும் தேங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். நாலு நாள் அளந்தார்கள். முழங்காலெல்லாம் புழுதியோடு, "சித்தி, தெரு அங்க ஒரு சாண் இறங்குது!" என்று மொட்டு கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினாள். பெற்ற தாயைத் தாண்டித்தான் ஓடினாள். ஒரு பார்வைகூட இல்லை.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். ஒருநாள் மேலே போனபோது, தெருவின் படத்தை ஒரு நீளத்தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அவள் கையெழுத்து; அவள் கொடுத்த பாடக்குறிப்பு. "வெத்துப் பக்கம்தானேம்மா," என்றாள் மொட்டு. பெரியவள் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

பொதுத் தேர்வுக்குப் பதியும் நாள் வந்தது. வரலாறு, புவியியல் இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். அதோடு ஒரு விருப்பப் பாடம். இரண்டு பெண்களும் கூடிப் பேசி, புவியியலும் நில அளவையும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவதும் கடவுச்சொல்லும் எப்போதும் பெரியவள் பொறுப்பு.

கணினி முன் உட்கார்ந்தவள் இருவருக்கும் வரலாறு என்று பதிந்தாள். விருப்பப் பாடத்தில் புகைப்படக்கலை. அனுப்பியும் விட்டாள்.

"புவியியலுக்கு இடம் முடிஞ்சுபோச்சாம்," என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "நில அளவையும் இல்லையாம்."

மொட்டுவின் முகம் செத்துப்போனது. வாண்டு அழுதேவிட்டாள்.

மறுநாள் சின்னவள் தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து விசாரித்துவிட்டு, கீழே வந்தாள்.

"அக்கா, இட வரம்புன்னு ஒண்ணும் கிடையாதாம். அவசரத்துல எதையாவது மாத்தி அழுத்திட்டீங்களா? வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தலாமாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் மூடிப்போகும். ஆனால் தப்பிக்க வழிவிட்ட அந்தப் பெருந்தன்மையைக் கண்டுதான் பெரியவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அவசரமெல்லாம் இல்ல. தெரிஞ்சேதான் மாத்தினேன்."

"ஏன்க்கா?"

"என் பொண்ணு வாயத் தொறந்தா சித்தி, சித்தி, சித்தி! எட்டு மாசமா நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ நாடாவ நீட்டினே, ரெண்டும் உன் பின்னாடி வந்துடுச்சு. பொறுக்கல எனக்கு."

சின்னவள் மாடிப்படிக்குத் திரும்பினாள். முதல் படியில் நின்று சொன்னாள்: "என்மேல கோபம்னா என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளைங்க படிப்புல கை வச்சிருக்க வேண்டாம்." படியேறிப் போய்விட்டாள்.

திருத்தப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் ஒன்று இருந்தது. பெரியவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "பெற்றோரின் தவறு" என்று எழுதினாள். மாணவிகளும் கையெழுத்திட வேண்டும். இருவரையும் உட்காரவைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

மொட்டு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் அம்மாவோடு பேச்சு இல்லை.

வாண்டுதான் தயங்கித் தயங்கி வந்தாள். "பெரியம்மா, நான் வேணா ஹிஸ்டரி எடுத்துக்கட்டுமா? நீங்க பாவம்."

அந்தப் 'பாவம்' சுருக்கென்று குத்தியது. "போடி, எனக்காக ஒருத்தரும் படிக்க வேண்டாம்," என்று சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மொட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்திய எனக்கு உன்னைவிடப் பிடிக்கும்னு இல்லம்மா. நீ கேள்வி கேட்டா எனக்குப் பயமா இருக்கும். பதில் உன் கையில இருக்கும். சித்திக்குப் பதில் தெரியாது. சேர்ந்து தேடுவோம்."

பெரியவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "இவ்வளவு நாள்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதுக்கும் தேர்வு வச்சிருப்பே."

இந்த முறை சிரிப்பு தானாகவே வந்தது.

சின்னவள் பழையபடி பேசச் சில மாதம் ஆனது. பதிவு வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பெரியவள் மறுபேச்சுப் பேசாமல் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தாள்.

தேர்வு முடிவில் மொட்டுவுக்கு நில அளவையில்தான் அதிக மதிப்பெண். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "அம்மா சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவ சித்தி," என்றாள் பெரியவள். சொல்லும்போது நெஞ்சுக்குள் லேசாக எரியத்தான் செய்தது. இருந்தாலும் மாடிக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னாள்.